வருஷக்கணக்கில் நின்ற அம்பாசடர்: கிளட்ச் மக்கர் பண்ணினால் எங்கிருந்து தொடங்குவது

ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டி ஒரு சின்னக் காப்பித் தோட்டம். அங்கே தகரக் கொட்டகையில் எங்கள் பெரியப்பாவின் 1984 மாடல் அம்பாசடர் ஒன்பது வருஷம் நின்றது. மேலே நீல டார்ப்பாலின் போட்டு நாலு மூலையிலும் கல் வைத்து மூடியிருந்ததால் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில் மலைப்பனியின் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டி வைத்தது அந்த டார்ப்பாலின்தான். எஞ்சின் இரண்டே நாளில் ஓடிவிட்டது. கிளட்ச் இரண்டு மாதம் ஆட்டம் காட்டியது.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்றரை மாதம் என் அவசரத்தால் போனது. எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை, பெடல் மிதிக்கக் கெட்டியாக இருக்கிறது, அப்படியானால் உள்ளே கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டது என்று நானே தீர்ப்பு எழுதி, கீழேயிருந்து மெக்கானிக்கை அழைத்துப்போய் கியர்பாக்ஸை இறக்க வைத்தேன். பிளேட் நன்றாகவே இருந்தது. கோளாறு வெளியே, பெடல் அனுப்பும் ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும் சாண் நீள ரப்பர் ஹோஸில். உள்பக்கம் ரப்பர் உப்பி ஓட்டை அடைத்துக்கொண்டதால்தான் பெடல் அவ்வளவு கெட்டி. கியர்பாக்ஸை மலைமேல் ஆள் வைத்துத் தூக்கி மாட்டியவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும்.

அதனால் இங்கே நான் எழுதுவதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். பெடலை நம்பாதீர்கள், கிளட்ச்சை விடுவிக்கும் கையான ஃபோர்க்கைப் பாருங்கள்.

எதையும் கழற்றும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு டயருக்கும் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுங்கள். ஏற்காட்டில் சமதளம் என்று நாம் நினைப்பது பாதி நேரம் சமதளம் இல்லை, ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து உருள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டுமானால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் கனமான மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் வண்டி உட்கார்ந்த பிறகு போங்கள்.

அப்புறம் பிரேக். கிளட்ச்சில் இருப்பதும் பிரேக்கில் இருப்பதும் ஒரே ஜாதி ஆயில், ஒரே வயசு ரப்பர். கிளட்ச் சிலிண்டருக்குள் ஆயில் ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து போயிருந்தால் பிரேக் வாஷர் மட்டும் தளதளவென்றா இருக்கும்? கிளட்ச்சைச் சரிபண்ணி வண்டியை நகர்த்தும் உற்சாகத்தில் பிரேக் இல்லாததைக் கண்டுபிடிப்பது நல்ல வழி இல்லை. முதலில் பிரேக்.

சரி, இப்போது எஞ்சினை அணைத்து வைத்துக்கொண்டே ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியர் கம்பியை நாலு கியருக்கும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போதே கியர் விழவில்லை என்றால் கிளட்ச்சைத் திட்டிப் பயனில்லை. ஸ்டீயரிங் தண்டிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் ராடுகளும் அவற்றின் மூட்டுகளும் துருவேறி இறுகியிருக்கும், வேண்டுமானால் கியர்பாக்ஸுக்குள் பற்கள் கொஞ்சம் சுழலும்படி வண்டியை ஓர் அடி முன்னும் பின்னும் தள்ளிவிட்டு இன்னொருமுறை முயலுங்கள். ராடு மூட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயில் விட்டு அரை நாள் ஊறவிட்டாலே பெரும்பாலும் வழிக்கு வரும்.

கியர் விழுகிறதா? அப்படியானால் ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பெடலை மெதுவாக அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே டார்ச் அடித்து ஃபோர்க்கைப் பாருங்கள். கியர்பாக்ஸின் முன்னால் கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடான மணிக்கூட்டின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கை அது, ஸ்லேவ் சிலிண்டரின் ராடு அதைத்தான் தள்ளும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறினாலும் ராடு அரை அங்குலம் போல நகர வேண்டும், பெடலை விட்டதும் முழுசாகத் திரும்பி வர வேண்டும். நகர்கிறதா, திரும்புகிறதா என்ற இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் மீதி எல்லாம் சுலபம். நான் கேட்காமல் விட்டதும் இந்த இரண்டைத்தான்.

பெடல் பொத்தென்று தரையில் விழுகிறது

நின்ற வண்டிகளில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆயில் கப்பைத் திறந்தால் காலியாகவோ, அடியில் பழுப்பாகக் கூழ் மாதிரியோ இருக்கும். உடனே புது ஆயிலை ஊற்றி ஏர் எடுத்துவிட்டால், அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டால், சில சமயம் பெடல் எழுந்துவிடும், ஒரு வாரம் கழித்து மறுபடி விழும். காரணம், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. வருஷக்கணக்கில் நிற்கும்போது அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரில் துருப்புள்ளிகளை உண்டாக்கிவிடும். புது வாஷர் போட்டாலும் அந்தப் புள்ளிகள் அரம் மாதிரி அதை அறுத்துவிடும்.

ஆகவே பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் இரண்டையும் கழற்றிப் பிரித்து, உள்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்படாத மங்கல் என்றால் மிக மெல்லிய வாட்டர் பேப்பரைப் பிரேக் ஆயிலில் நனைத்துச் சுற்றுவாக்கில் தேய்த்து, துளி தூசி இல்லாமல் கழுவிப் புது வாஷர் கிட் போடலாம். நகம் தட்டுகிறதா, சிலிண்டரையே மாற்றுங்கள். அம்பாசடர் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் தயாரான வண்டி, பாகம் கிடைக்காமல் போகாது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கிட் போட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். ஒரு பக்கம் புதுசானதும் அழுத்தம் கூடி மறுபக்கத்துப் பழைய வாஷர் ஒழுக ஆரம்பிக்கும், அதே வேலையை இரண்டு தடவை செய்வீர்கள்.

கழுவுவதற்கு பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் கூடாது. எஞ்சின் ஆயிலை ஊற்றவும் கூடாது. அந்த ரப்பர் இவை பட்டால் உப்பிக் கெட்டுப்போகும். பிரேக் ஆயிலாலேயோ ஸ்பிரிட்டாலேயோ துடைக்கலாம். டாட் 3 என்று போட்ட சீல் பிரிக்காத புது டப்பா வாங்குங்கள், போன வருஷம் பாதி ஊற்றி மூடி வைத்தது வேண்டாம். அது பெயின்ட்டில் சிந்தினால் உரித்துவிடும், சிந்திய உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஏர் எடுப்பது பழைய முறைதான். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் ஒரு தெளிவான டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, அப்புறம்தான் அவர் காலை எடுக்க வேண்டும். "மிதிச்சாச்சு", "மூடியாச்சு" என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா பையன் நான் மூடும் முன்பே காலை எடுத்து எடுத்து ஒரு மணி நேரம் காற்றைத்தான் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். நடுவில் கப் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, அல்லது போனால் திரும்பி வருவதில்லை

இது என் கதை. பெடல் கெட்டி, ஃபோர்க் அசையவில்லை அல்லது பெயருக்கு நகர்கிறது. ஸ்லேவ் நிப்பிளைத் திறந்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் இளகி ஆயில் பீச்சினால் மேல்பக்கம் எல்லாம் சரி, ஸ்லேவ் பிஸ்டனோ ஃபோர்க் மூட்டோ இறுகியிருக்கிறது. நிப்பிள் திறந்தும் பெடல் கல்லாகவே இருந்தால் ஹோஸின் மேல்முனையைக் கழற்றி மறுபடி மிதியுங்கள். இப்போது ஆயில் வந்தால் குற்றவாளி ஹோஸ். அங்கேயும் வரவில்லையென்றால் மேலே இரும்புக் குழாயிலோ மாஸ்டரிலோ அடைப்பு, இல்லை பெடல் தண்டின் புஷ்ஷே துருப்பிடித்திருக்கிறது. பத்து நிமிஷ வேலை. நான் கியர்பாக்ஸை இறக்கினேன்.

ஹோஸின் இன்னொரு குறும்பு, போகும்போது ஆயிலை விட்டுவிட்டுத் திரும்பும்போது பிடித்துக்கொள்ளும். உள்ளே தோல் உரிந்த ரப்பர் ஒருவழிக் கதவு மாதிரி வேலை செய்யும். பெடல் மேலே வந்துவிட்டாலும் ஃபோர்க் நீட்டியபடியே நின்றுவிடும், கிளட்ச் பாதி பிடித்த நிலையில் வழுக்கும், நாம் பிளேட் தேய்ந்துவிட்டது என்று நினைப்போம். வெளியே பார்க்க ஹோஸ் புதுசு மாதிரிதான் இருக்கும். பத்து வருஷம் நின்ற வண்டியில் ஹோஸைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பெடல் தொங்கிக்கொண்டே நின்றால் திரும்பு ஸ்பிரிங்கையும் பாருங்கள், பல சமயம் அறுந்து எங்கோ விழுந்திருக்கும்.

ஃபோர்க் முழுசாக நகர்கிறது, ஆனாலும் கியர் கரகரக்கிறது

இப்போதுதான் பிளேட் ஒட்டியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்து, வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள். உருளவில்லை என்றால் பிளேட்டின் லைனிங் எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சில டிராக்டரில் நீண்டநாள் நிறுத்தும்போது பெடலை மிதித்த நிலையில் மாட்டி வைக்கக் கொக்கியே இருக்கும்.

முதல் வைத்தியம் பொறுமை. எஞ்சினை நியூட்ரலில் அரை மணி நேரம் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்குங்கள், கொட்டகைக் கதவு திறந்திருக்கட்டும், புகை உள்ளே தங்கக் கூடாது. அணைத்துவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, பெடலுக்கும் சீட் சட்டத்துக்கும் நடுவே அளவாக வெட்டிய கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் டாப் கியரில் தள்ளிப் பாருங்கள். அடிவாரத்தில் ஒரு நண்பரின் பழைய ஃபியட் நாலாம் நாள் காலையில் தானாக விட்டுவிட்டது. அவர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதால் என்கிறார், நான் கட்டையால் என்கிறேன்.

ஒரு வாரம் பார்த்தும் விடவில்லை என்றால் இரண்டாவது வழி. இதற்குப் பெரிய காலி மைதானம் வேண்டும், பிரேக் நிச்சயம் பிடிக்க வேண்டும், எதிரே ஆள், மாடு, சுவர் எதுவும் இருக்கக் கூடாது. எஞ்சினைச் சூடாக்கி அணையுங்கள். இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட்டரைப் போடுங்கள். வண்டி ஒரு குதி குதித்து அப்படியே ஓடத் தொடங்கும், திடுக்கிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமலே ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, நடுநடுவே பிரேக்கும் தொட்டு ஓட்டுங்கள். எங்கோ ஒரு குலுக்கலில் "டொக்" என்று விடும், எஞ்சின் சத்தம் தனியே ஏறும். நிறுத்த வேண்டுமென்றால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பதுதான் வழி, கை அதன் அருகிலேயே இருக்கட்டும். மலைமேல் தோட்டத்துச் சாலையில் இந்த வித்தையைச் செய்யாதீர்கள். பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பிரேக் அடிக்கும் முறையும் சிலர் சொல்வார்கள். ஆடுகிற வண்டி ஸ்டாண்டிலிருந்து சறுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்து நான் அதைத் தொடுவதில்லை.

செய்யக் கூடாதவை இரண்டு. துரு இளக்கும் ஆயிலை மணிக்கூட்டு ஓட்டை வழியாகப் பிளேட்டில் அடிப்பது, பிளேட் விட்டாலும் விடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க வழுக்கும். இன்னொன்று, லாரியில் கயிறு கட்டி இழுத்து வெடுக்கென்று கிளட்ச்சை விடுவது. லைனிங் ரிவெட்டோடு பிய்ந்து வந்துவிடும்.

பிளேட் விட்டபிறகும் கியர் போடும்போது லேசாக உறுமினால், வண்டி பெடல் மிதித்தும் ஊர்ந்தால், கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிசையில் பிளேட் துருவால் நகர மறுக்கிறது, அல்லது கிராங்க் முனையில் இருக்கும் சின்னப் பித்தளை புஷ் காய்ந்து தண்டைப் பிடித்துச் சுழற்றுகிறது. முதலாவது ஓட ஓடத் தேறும். இரண்டாவதுக்கு உள்ளே போகத்தான் வேண்டும்.

எஞ்சின் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

சேலத்துக்காரர்களுக்கு இதற்கு இயற்கையே ஒரு சோதனைச்சாலை கொடுத்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வழுக்கும் கிளட்ச் முதல் நாலைந்து வளைவுக்குள் கருகல் வாசனையோடு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அங்கே போய்ச் சோதிக்காதீர்கள், பாதி மலையில் பின்னால் பஸ் நிற்க நீங்கள் நடுவில் நிற்பீர்கள். வீட்டு வாசலிலேயே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிடிமானம் உண்டு. அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை போதும், ரசித்துத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் போய்விடும்.

வழுக்கினால் முதலில் ஃபோர்க் முழுசாகத் திரும்புகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஹோஸ், இறுகிய ஸ்லேவ் பிஸ்டன், இல்லை கேபிளோ ராடோ உள்ள வண்டியில் அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கம். அப்படிப்பட்ட வண்டியில் பெடல் ஏறத்தாழ ஓர் அங்குலம் சும்மா போன பிறகுதான் கனம் தெரிய வேண்டும்.

அதெல்லாம் சரியாக இருந்தால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறது. பழைய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது, சுற்றும்போது ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வரிதான் உண்டு. சுற்றினால்தான் அது வேலை செய்யும். பின்பக்கம் இறங்கிய சரிவில் வருஷக்கணக்கில் நின்றால் ஆயில் பின்னால் கசிய இடம் உண்டு. மணிக்கூட்டின் அடியில் உள்ள சின்னத் துளையில் சொட்டு தெரிகிறதா, அது எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்று முகர்ந்து பாருங்கள், கியர் ஆயிலின் கெட்ட வாடை தனியே தெரியும்.

கிளட்ச் விடும்போது வண்டி உதறுகிறது

ஃபிளைவீலில் பிளேட் ஒட்டியிருந்த இடத்தில் துருத்தடம் இருக்கும், அதனால் வரும் உதறல் பத்து நாள் நிதானமாக ஊருக்குள் ஓட்டினாலே தேய்ந்து குறையும். குறையவில்லையென்றால் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள், ஒன்பது வருஷத்தில் அது மரமாகியிருக்கும் அல்லது இரண்டாகப் பிளந்திருக்கும். மவுண்ட் பார்க்காமல் பிளேட் மாற்றியவர்கள் நிறைய.

சத்தம்

மிதித்தால் வரும் சத்தம் ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வரும் சத்தம் கியர்பாக்ஸின் முன் பேரிங். பழைய இங்கிலாந்து வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் ரிலீஸ் பேரிங் குண்டு பேரிங் இல்லை, கார்பன் வளையம். அதை வைத்துக்கொண்டு சிக்னலில் பெடலில் கால் வைத்தபடி நிற்கும் பழக்கம் இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். சேலம் ஐந்து ரோட்டில் சிவப்பு விழுந்தால் நியூட்ரல் போட்டுவிட்டுக் காலை எடுங்கள். சரசரவென்று காகிதம் உரசுவது மாதிரிச் சத்தம் வந்தால் எலிக்கூடு. எங்கள் வண்டியில் மணிக்கூட்டுக்குள் தேங்காய் நாரும் பழைய காலண்டர் தாளும் இருந்தன. தேதி கிழிக்காத முழுத் தாள்.

கடைசியில் இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால்

எல்லாம் பார்த்தபிறகும் உள்ளே போக வேண்டியிருந்தால் போங்கள். திறந்ததும் காற்றழுத்தக் குழாயை எடுத்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு எமன். முகத்துக்கு மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், அந்தப் பித்தளை புஷ் நாலையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது, புஷ் விலை குறைச்சல் என்பதாலேயே பலர் மறந்துவிடுவார்கள். ஃபிளைவீலில் வெடிப்போ பள்ளமோ இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம்.

மாட்டும்போது பிளேட் நடுவில் உட்கார பழைய கியர்பாக்ஸ் தண்டு கிடைத்தால் அதையே செருகலாம், இல்லையென்றால் அதே அளவில் மரத்தில் கடைந்து வாங்குங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டும். பல்வரிசைக்கு கிரீஸ் விரல் நுனியளவு, அதிகம் வைத்தால் சுழன்று தெறித்துப் புது லைனிங்கில்தான் போய் உட்காரும்.

எங்கள் அம்பாசடர் இப்போது குப்பனூர் வழியாக இறங்கி, அடிவாரம் வழியாக ஏறி வீடு திரும்புகிறது. டார்ப்பாலினை ஆட்டுக்கொட்டகைக்குக் கொடுத்தாயிற்று, வண்டிக்குப் பருத்தித் துணி உறை. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை பெரியப்பா பையன் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை இருபது தடவை மிதித்து, கியர் போட்டுக் கொட்டகையிலிருந்து வாசல்வரை வந்து திரும்புகிறான். போன வாரம் கூப்பிட்டான், "அண்ணா, பெடல் கொஞ்சம் கெட்டியா இருக்கு." ஃபோர்க் அசைகிறதா என்று கேட்டேன். "இருங்கண்ணா" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனான், அரை மணி நேரம் ஆளைக் காணோம்.